நடந்த கதையும் படமான கதையும்: நாஞ்சில் நாட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

‘உண்மைச் சம்பவங்களைத் தழுவியது’ என்று திரையில் ஒரு வரி வந்துவிட்டால் பார்வையாளரின் மனநிலை மாறிவிடுகிறது. கற்பனைக் கதை என்றால் நம்ப முடியாத திருப்பத்தைக் கண்டு முகம் சுளிப்பவர், நடந்தது என்று சொன்னால் அதே திருப்பத்தை ஏற்றுக்கொள்கிறார். படம் முடிந்து வெளியே வரும்போது ஒரு மனிதரைப் பற்றி, ஒரு சாதியைப் பற்றி, ஒரு வழக்கைப் பற்றித் தனக்கு ஏதோ தெரியும் என்ற உறுதியோடு வருகிறார். அந்த ஒற்றை வரி எதை உறுதியளிக்கிறது, யாருக்கு உறுதியளிக்கிறது என்ற கேள்விக்குச் சினிமாவைவிட நீண்ட வரலாறு உண்டு. நடந்ததைச் சொல்பவன் வரலாற்றாசிரியன், நடக்கக்கூடியதைச் சொல்பவன் கவிஞன் என்று அரிஸ்டாட்டில் பிரித்தார். கவிஞனின் வேலையே மேலானது என்றும் கருதினார். அன்றிலிருந்து இந்த வழக்குக்குப் பல வாதிகள், பல பிரதிவாதிகள்.

அந்த வாதங்களை இங்கே நாஞ்சில் நாடு அமைந்த கன்னியாகுமரி மாவட்டத்தில் நிறுத்திப் பார்க்கக் காரணம் இருக்கிறது. ஒரே கொலையை நேரெதிராகச் சொல்லும் இரண்டு மரபுகள் இந்த மண்ணில் உண்டு. அவற்றில் ஒன்று 1933லேயே படமாகி, வழக்கில் சிக்கியது. மலையாளத்தின் முதல் திரைப்படத்தை எடுத்தவர் அகஸ்தீஸ்வரத்துக்காரர். அவருடைய வாழ்க்கையே பிற்பாடு ஒரு படமாகிச் சர்ச்சைக்குள்ளானது. சினிமா வருவதற்கு வெகுகாலம் முன்பே, உண்மையில் வாழ்ந்து கொல்லப்பட்டவர்களின் கதையை ஊர் நடுவில் வில்லடித்துப் பாடும் கலையும் இங்கே இருந்தது. சினிமா ஆய்வுகள் இந்தக் கடைசிச் செய்தியைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. அது ஒரு குறை என்பதே இக்கட்டுரையின் நோக்கு.

ஒரு கொலை, இரண்டு கதை

வேணாட்டு அரசர் ராம வர்மா 1729இல் இறந்தார். மருமக்கள் தாய முறைப்படி பட்டம் அவருடைய மருமகன் மார்த்தாண்ட வர்மாவுக்கு வந்தது. அரசரின் மகன்களான பப்புத் தம்பிக்கும் ராமன் தம்பிக்கும் அம்முறையில் அரசுரிமை கிடையாது. அதை அவர்கள் ஏற்கவில்லை. எட்டு வீட்டுப் பிள்ளைமார் என்ற நாயர் பிரபுக்கள் அவர்கள் பக்கம் நின்றனர். முடிவில் தம்பிமார் கொல்லப்பட்டனர். பிள்ளைமாரின் குடும்பங்கள் அழிக்கப்பட்டன. இவ்வளவில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஏன் நடந்தது, யார் மீது தவறு என்று கேட்டால் இரண்டு பதில்கள் கிடைக்கும்.

சி.வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்ட வர்மா’ நாவல் 1891இல் வெளிவந்தது. அதில் இளவரசர் நாயகர். சதிகாரர்களுக்குத் தப்பிக் காட்டிலும் மாளிகையிலும் ஒளிந்து திரிபவர். தம்பிமார் வில்லன்கள். திருவிதாங்கூர் என்ற அரசு உருவானதன் நியாயத்தை நாவல் முழு மனதோடு எழுதுகிறது. நாஞ்சில் நாட்டில் பாடப்பட்ட தம்பிமார் கதையோ தோற்றவர் வீட்டுக்குள் நின்று பேசுகிறது. அவர்களுடைய தங்கை உம்மிணித்தங்கையை அரசர் மணக்கக் கேட்டதும், அது கைகூடாமல் போனதும் அங்கே பகைக்குக் காரணமாகின்றன. அவளுடைய முடிவு கதையின் உச்சத் துயரம். நாவலில் அரசியல் நிகழ்வாக இருப்பது கதைப்பாடலில் ஒரு வீட்டின் அழிவாகிவிடுகிறது.

நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தர்ராஜ் தம்முடைய ஸ்ரீ ராஜேஸ்வரி ஃபிலிம்ஸ் சார்பில் 1933இல் நாவலைப் பேசாப் படமாகத் தயாரித்தார். இயக்கியவர் பி.வி. ராவ். தம்பிமார் கதை இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மக்கள் நடுவே பாடப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஆனாலும் படம் நாவலின் பக்கம் நின்றது. அச்சில் வந்த கதைக்கு இருந்த மதிப்பும், முடியாட்சி நிலவிய காலத்தில் அரசரின் முன்னோரைக் கொலையாளியாகக் காட்ட முடியாத நிலையும் சேர்ந்து அந்தத் தேர்வைத் தீர்மானித்திருக்கலாம். படத்தோடு அன்றைய அரசர் சித்திரைத் திருநாளின் ஊர்வலக் காட்சிகளும் இணைக்கப்பட்டிருந்தன. புனைந்த மார்த்தாண்ட வர்மாவுக்குப் பக்கத்தில் அவருடைய வழித்தோன்றலின் நிஜ ஊர்வலம் ஓடுகிறது. நடிப்பையும் நிஜப் படச்சுருளையும் அருகருகே வைத்து நம்பகத்தன்மையைக் கூட்டுவது இன்றைய படங்கள் கண்டுபிடித்த உத்தி இல்லை என்பதற்கு இதுவே சான்று.

நாவலின் உரிமை கமலாலயா புத்தக நிறுவனத்திடம் இருந்தது. வழக்கு வந்தது; படம் திருவனந்தபுரத்தில் சில நாட்களே ஓடியது; பிரதி பதிப்பாளரிடம் போய்ச் சேர்ந்தது. 1974இல் அது மீட்கப்பட்டு புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் வைக்கப்பட்டது. தென்னிந்தியப் பேசாப் படங்களில் இன்று பார்க்கக் கிடைக்கும் மிகச் சிலவற்றுள் அது ஒன்று. படத்தை முடக்கிய வழக்குதான் படச்சுருளைக் காப்பாற்றியது. ஆனால் அந்த வழக்கின் பொருளைக் கவனிக்க வேண்டும். நாவலின் உரிமை பற்றி நீதிமன்றம் விசாரித்தது. தம்பிமாரின் கதையை இப்படிச் சொல்லலாமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கான சட்ட வழியும் இல்லை.

பதிவின் பக்கம் நிற்பவர்கள்

முதல் நிலைப்பாடு எளிமையானது: நடந்ததை நடந்தபடி சொல். பெயர், தேதி, இடம், வரிசை மாறக் கூடாது. ஆவணப்படத்தின் எழுச்சியும், நீதிமன்றப் பதிவுகளையும் பத்திரிகைச் செய்திகளையும் அடிப்படையாகக் கொண்ட படங்களின் பெருக்கமும் இதற்கு வலுச்சேர்த்தன. ஆயினும் ஆவணப்படத்தின் முன்னோடியாகக் கருதப்படும் ஜான் கிரியர்சனே அதை நிஜத்தைப் படைப்பூக்கத்தோடு கையாளுவது என்றே வரையறுத்தார். கையாளுதல் என்று வந்துவிட்டால் நடந்தபடியே என்பது தளர்ந்துவிடுகிறது.

இந்த நிலைப்பாட்டின் வலிமை பாதிக்கப்பட்டவர்களின் பக்கத்திலிருந்து பார்க்கும்போது தெரியும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கரையைத் தாக்கியபோது ஆழ்கடலில் இருந்தவர்களில் பலர் திரும்பவில்லை. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற ஊர்களில், எத்தனை பேர் காணாமல் போனார்கள், எப்போது எச்சரிக்கை வந்தது, எப்போது தேடப் போனார்கள் என்பவைதான் கேள்விகளாக இருந்தன. அங்கே எண்ணும் நேரமும் துல்லியமாக இருந்தாக வேண்டும். திவ்யபாரதியின் ‘ஒருத்தரும் வரேல’ என்ற ஆவணப்படம் அந்த மக்களின் பேச்சிலிருந்தே தன் தலைப்பை எடுத்துக்கொண்டது. அத்தகைய சூழலில் ‘சாரம் போதும்’ என்று வாதிடுவது பொறுப்பற்றது.

பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. பதிவுகளை உண்டாக்கியவர்கள் யார்? அரண்மனை ஓலைகள் அரண்மனையின் கணக்கு. காவல் நிலையக் குறிப்பேடு காவலரின் கணக்கு. பதிவுக்கு விசுவாசமாக இருப்பது, பதிவு செய்தவருக்கு விசுவாசமாக இருப்பதாக முடியலாம். எழுத்தே இல்லாத வாழ்க்கைகள் முன்னால் இந்த நிலைப்பாடு ஊமையாகிவிடுகிறது. முதல் மலையாளப் படத்தில் நடித்த பி.கே. ரோசியைப் பற்றிப் பேசும்போது அதை விரிவாகப் பார்க்கலாம்.

சாரம் போதும் என்பவர்கள்

அரிஸ்டாட்டிலிலிருந்து வரும் இரண்டாம் நிலைப்பாட்டுக்கு நவீன வடிவம் கொடுத்தவர்களில் வரலாற்றறிஞர் ராபர்ட் ரோசன்ஸ்டோன் முக்கியமானவர். எழுத்து வரலாறு செய்வதைத் திரையால் செய்ய முடியாது, கட்டாயமாகப் புனையத்தான் வேண்டும் என்கிறார் அவர். பலரை ஒருவராக்குவது, பத்தாண்டுகளை ஒரு காட்சியில் சுருக்குவது எல்லாம் தவிர்க்க முடியாதவை. தெரிந்த வரலாற்றோடு ஒத்துப்போகிற புனைவா, அதை மறுக்கிற புனைவா என்பதே கேள்வி. இது நியாயமான அளவுகோல். தமிழில் இதை வைத்துப் பல படங்களை அளக்கலாம். ‘இருவர்’ (1997) பெயர்களை மாற்றிக்கொண்டு ஓர் அரசியல் நட்பின் உள்ளத்தைத் தேடியது. ‘சூரரைப் போற்று’ (2020) கன்னடரான கேப்டன் கோபிநாத்தின் தன்வரலாற்றை மதுரைப் பக்கத்து இளைஞனின் கதையாக்கியது. விமான நிறுவனம் தொடங்கிய கதை அப்படியே இருக்க, தொடங்கியவரின் சாதியும் ஊரும் வர்க்கமும் மாறின. சாரம் என்று எதை வைத்துக்கொண்டார்கள், எதை விட்டார்கள் என்பதில் படைப்பாளியின் அரசியல் இருக்கிறது. அதில் தவறில்லை; ஆனால் சாரம் என்பது கதைக்குள் தானாகக் கிடக்கும் பொருள் இல்லை, ஒருவர் தேர்ந்து எடுப்பது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பாலாவின் ‘பரதேசி’ (2013) இந்த நிலைப்பாட்டின் ஆபத்தைக் காட்டும் எடுத்துக்காட்டு. ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்தில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வந்த நூல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ ஆனது. படம் அதிலிருந்து பிறந்தது. வசனம் நாஞ்சில் நாடன். தோட்டத் தொழிலாளர் அடிமைப்பட்ட கதையைத் தமிழ்த் திரையில் அவ்வளவு கொடூரமாக வேறு எவரும் சொன்னதில்லை என்பது உண்மை. ஆனால் தொழிலாளர்களுக்காக உழைத்த கிறித்தவ மருத்துவர் ஒருவர் எழுதிய நூலிலிருந்து வந்த படத்தில், கிறித்தவ மருத்துவர் பாத்திரம் ஆடிப்பாடி மதம் மாற்ற வந்தவராக வருகிறது. நூலைத் தெரிந்தவர்கள் இதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். அவர்கள் கண்டனம் சரியானது என்றே படுகிறது. ரோசன்ஸ்டோனின் அளவுகோல்படியே இது தெரிந்ததை மறுக்கும் புனைவு. தொழிலாளர் துயரம் என்ற சாரம் பத்திரமாக இருப்பதால் அதற்குச் சாட்சி சொன்னவரின் முகத்தை மாற்றிவிடலாம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அமெரிக்காவில் பிறந்த வரலாற்றாசிரியர் நாடலி ஸீமன் டேவிஸ் இதே சிக்கலை வேறு பக்கத்திலிருந்து சந்தித்தார். ‘மார்ட்டின் கேரின் மீள்வருகை’ (1982) படத்துக்கு ஆலோசகராக இருந்தவர், படத்தில் ‘இப்படி இருந்திருக்கலாம்’ என்ற சொல்லுக்கே இடமில்லை என்று உணர்ந்தார். அந்த ஐயங்களையெல்லாம் சேர்த்து மறு ஆண்டே தனி நூலாக எழுதினார். பதிவின் கட்சியும் சாரத்தின் கட்சியும் கவனிக்காத ஒன்றை அவர் தொட்டார். பொய்யைவிட உறுதியே திரையின் பெரிய சிக்கல். திரையில் ஒரு முகம், ஒரு குரல், ஒரு நிகழ்வு வந்துவிட்டால் அதற்கு மாற்று இருந்திருக்கக்கூடும் என்ற எண்ணமே எழுவதில்லை.

கதைக்கு உரிமை யாருக்கு?

மூன்றாம் நிலைப்பாடு நீதிமன்றங்களில் உருவானது. ரஸ்புடின் பற்றிய ஹாலிவுட் படத்தில் தன்னை இழிவுபடுத்தியதாக ரஷ்ய இளவரசி ஒருவர் லண்டனில் தொடுத்த வழக்கில் 1934இல் வென்றார். ‘இதில் வரும் பாத்திரங்கள் யாவும் கற்பனையே’ என்ற வாசகம் உலகெங்கும் பரவியதற்கு அந்தத் தீர்ப்பு ஒரு காரணம் எனப்படுகிறது. இந்தியாவில் ‘பண்டிட் குயின்’ (1994) படத்துக்கு எதிராக பூலன் தேவியே டெல்லி உயர் நீதிமன்றம் சென்றார். தன் உடல்மீது நடந்த கொடுமையைத் தன் ஒப்புதலின்றித் திரையில் காட்ட யாருக்கு உரிமை என்ற அவருடைய கேள்வி, படத்தின் கலைத்தரத்தைப் பற்றிய எந்த வாதத்தாலும் அழியாதது.

அதே 1994இல் தமிழ்நாட்டு வழக்கொன்று சட்டத்தின் எல்லையை வகுத்தது. ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடுவது பற்றிய ராஜகோபால் வழக்கில், பொது ஆவணங்களில் உள்ளதை எழுத எவருடைய ஒப்புதலும் தேவையில்லை, அதைத் தாண்டிப் போனால் தனியுரிமைக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ‘தலைவி’ படத்துக்கு எதிராக ஜெயலலிதாவின் அண்ணன் மகள் தொடுத்த வழக்கில், ஒருவரின் தனியுரிமை அவரோடு முடிகிறது, வாரிசுக்கு இறங்குவதில்லை என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது.

இந்தத் தீர்ப்புகள் படைப்புச் சுதந்திரத்தைக் காக்கின்றன, அது தேவைதான். ஆனால் இறந்தவருக்கு உரிமை இல்லை என்ற இடத்தில் நாஞ்சில் நாட்டு மரபு நேரெதிர்த் திசையில் நிற்பதைக் கவனிக்கலாம். இங்கே கதை கேட்கும் முதல் உரிமை இறந்தவருக்குத்தான்.

யார் குரலில் யார் கதை?

நான்காம் நிலைப்பாடு கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் வலுப்பெற்றது. விவரங்கள் சரியாக இருக்கலாம், சாரமும் இருக்கலாம், சட்டப்படியும் குற்றமில்லாமல் இருக்கலாம். ஆனாலும் கதையின் நடுவில் யாரை நிறுத்தினார்கள் என்ற கேள்வி மிஞ்சுகிறது. ‘ஜெய் பீம்’ (2021) 1993இல் கடலூர்ப் பகுதியில் நடந்த காவல் மரணத்தையும், வழக்கறிஞர் கே. சந்துரு நடத்திய ஆட்கொணர்வு வழக்கையும் வைத்து எடுக்கப்பட்டது. குறவர் சமூகத்தினர் கதை இருளர் கதையானது. வழக்கறிஞர் தம் பெயரிலேயே வருகிறார். இறந்தவரின் ராஜாகண்ணு என்ற பெயரும் அப்படியே இருக்கிறது. கடைசிவரை போராடிய மனைவி பார்வதியின் பெயர் மட்டும் செங்கேணியாகிவிட்டது. இருளர்களின் நிலைமேல் படம் பாய்ச்சிய வெளிச்சத்தின் மதிப்பைக் குறைக்காமலே இதைச் சுட்டலாம்.

நாஞ்சில் நாட்டின் எடுத்துக்காட்டு இன்னும் சிக்கலானது. அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த ஜே.சி. டேனியல் சொத்தை விற்று மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ எடுத்தார். 1928 என்றும் 1930 என்றும் அதன் ஆண்டு சொல்லப்படுகிறது. புராணக் கதைகள் கோலோச்சிய நாளில் அவர் சமூகக் கதை எடுத்தார். அதில் நாயர் பெண்ணாக நடித்தவர் பி.கே. ரோசி, காக்காரிசி என்ற நாட்டார் நாடகம் ஆடிய தலித் பெண். திருவனந்தபுரம் கேப்பிட்டல் திரையரங்கில் படம் திரையிடப்பட்டபோது ஆதிக்க சாதியினர் கொதித்தெழுந்தனர். ரோசி ஊரைவிட்டே ஓட நேர்ந்தது. பின்னர் நாகர்கோவிலில் ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்ததாகச் சொல்லப்படுகிறது. டேனியல் எல்லாவற்றையும் இழந்து 1975இல் இறந்தார். பத்திரிகையாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் விடாது எழுதிய பிறகுதான் அவரைக் கேரளம் ஏற்றது. 1992இல் அவர் பெயரில் விருது வந்தது.

கமல் இயக்கி பிருத்விராஜ் நடித்த ‘செல்லுலாய்டு’ (2013) இந்தக் கதையைச் சொல்கிறது. வினு ஆபிரகாம் ரோசியைப் பற்றி எழுதிய நாவலும் சேலங்காட்டின் எழுத்தும் அதற்கு அடிப்படை. படம் வந்ததும் இரண்டு திசைகளில் எதிர்ப்பு எழுந்தது. டேனியலுக்கு அங்கீகாரம் மறுத்த அதிகாரி பாத்திரம் எழுத்தாளர் மலையாற்றூர் ராமகிருஷ்ணனையும், அரசியல்வாதி பாத்திரம் கே. கருணாகரனையும் குறிப்பதாகக் கண்டு அவர்கள் தரப்பினர் மறுத்தனர். இது பதிவின் கட்சி எழுப்பும் வகையிலான மறுப்பு. 1956இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தபின், மலையாள சினிமாவின் முன்னோடி எல்லைக்கு இந்தப் பக்கம் சிக்கிக்கொண்ட சூழலையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது எதிர்ப்பு ஆழமானது. ஜென்னி ரொவீனா போன்ற ஆய்வாளர்கள் ரோசியைப் படம் காட்டிய விதத்தைக் கேள்விக்குள்ளாக்கினார்கள். மேடையேறி ஆடிய ஒரு பெண்ணை, தனக்குக் கிடைத்த வாய்ப்பைக் கண்டு கூசி நிற்கும் அப்பாவியாகவும், டேனியலின் பெருந்தன்மையைப் பெறுபவளாகவும் ஏன் காட்ட வேண்டும்? ரோசி எழுதியது எதுவும் இல்லை. ‘விகதகுமாரன்’ பிரதியும் எஞ்சவில்லை. ஐயத்துக்கிடமற்ற புகைப்படம்கூட இல்லை. பதிவே இல்லாத இடத்தில் திரை எதை வைத்தாலும் அது வைத்தவரின் கற்பனைதான். அந்தக் கற்பனை ரோசிக்குப் பயத்தைக் கொடுத்தது. துணிவைக் கொடுத்திருக்கவும் முடியும். ஆதாரம் இரண்டுக்கும் ஒரே அளவில்தான் இருக்கிறது. அப்படியிருக்க எளியவரைக் கூனிக்குறுகியவராகக் கற்பனை செய்யும் பழக்கத்தைத்தான் ஆய்வாளர்கள் குறிவைத்தார்கள். ‘செல்லுலாய்டு’ மறக்கப்பட்ட ஒருவரை மீட்ட படம். அதே மூச்சில், அவரைவிட அதிகம் மறக்கப்பட்ட ஒருவரை அவருடைய கதையின் துணைப்பாத்திரமாக்கிய படமும்கூட.

இந்த நிலைப்பாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. அந்தந்தச் சமூகத்தவர் மட்டுமே அந்தந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்று அதை இறுக்கினால், ஒரு சமூகத்துக்குள்ளேயே ஒடுக்கப்பட்டவரின் கதை யாராலும் சொல்லப்படாமல் போகலாம். ஒருவர் ஒரு சமூகம் முழுமைக்கும் பேசிவிட முடியும் என்ற நம்பிக்கையும் சோதிக்கப்பட வேண்டியதே.

வில்லுப்பாட்டின் விடை

ஐந்தாவதாக ஒரு நிலைப்பாட்டை இங்கே சேர்க்க வேண்டியிருக்கிறது. திரைப்படக் கோட்பாட்டு நூல்களில் அதற்கு இடமில்லை. ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டிலிருந்து நாடகத்துக்கும் திரைக்கும் போனார் என்பதை நினைத்தால், இரண்டு கலைகளும் அத்தனை தூரத்தவை இல்லை என்பது புரியும்.

நாஞ்சில் நாட்டுக் கோயில் கொடை விழாக்களில் பாடப்படும் கதைகளில் ஒரு பெரும்பகுதி வாழ்ந்து, அநியாயமாகக் கொல்லப்பட்டவர்களைப் பற்றியது. 1634இல் கணியாகுளத்தில் மதுரைப் படையோடு மோதி இறந்த இரவிக்குட்டிப் பிள்ளையின் கதை இருக்கிறது. உடனிருந்தவர்களே காட்டிக்கொடுத்தார்கள் என்று கதைப்பாடல் குற்றம் சாட்டுகிறது. தம்பிமார் கதை இருக்கிறது. கொலையுண்டு தெய்வமாகி, வெட்டுப்பட்ட வாதைகள் என்று பீடம் பெற்ற எளிய மனிதர்களின் கதைகள் ஏராளம். அ.கா. பெருமாள் இவற்றைத் தேடித் தொகுத்தார். இப்பகுதியில் களப்பணி செய்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், 1988இல் வெளிவந்த தம் நூலில், தெய்வமாகவே பிறந்தவர்களின் கதைகளையும் இறந்து தெய்வமானவர்களின் கதைகளையும் பிரித்துக் காட்டி, பின்னவையே உள்ளூர் மண்ணோடு அதிகம் ஒட்டியவை என்று கண்டார்.

இந்தக் கதைகளில் உண்மைக்கான பொறுப்பு எப்படி வேலை செய்கிறது? ஏடு இருக்கிறது, அண்ணாவி எனும் முதன்மைப் பாடகர் அதற்குக் கட்டுப்பட்டவர். வில்லுக்கு வலப்புறம் இருப்பவர் கதையை நடத்த, இடப்புறத்தார் வாங்கிப் பாடுகிறார்கள். கதையில் சாவு வரும் கட்டத்தில் கோயிலில் சாமி வந்து இறங்குகிறது. கொலையுண்டவரே ஒருவரின் உடலேறி நின்று கேட்கும் சபையில், அவருடைய கதையை அவர் முன்பே சொல்லியாக வேண்டும். தவறாகப் பாடினால் பாடகருக்கு ஆகாது என்ற நம்பிக்கையும் உண்டு. இந்த ஏற்பாட்டில் கதைசொல்லி பதில் சொல்ல வேண்டியது இறந்தவருக்கும், அவர் வழிவந்தவர்களுக்கும், ஊருக்கும். பார்வையாளரின் ரசனை அதற்கு அடுத்த இடத்தில்தான். அதோடு ஒரு ஊர்க் கோயிலில் பாடியபடியே அடுத்த ஊரிலும் பாட வேண்டும் என்ற கட்டாயமில்லை. அரசரைப் போற்றும் கதையும் அவரால் அழிந்தவர்களின் கதையும் ஒரே நாட்டில் வாழ முடிந்தது.

இதை இலட்சியமாக்கிவிடவும் கூடாது. கொல்லப்பட்டவர் கயிலாயம் போய் வரம் வாங்கித் தெய்வமாகத் திரும்பும்போது, கொன்றவர்களின் பெயரும் கொலையின் சமூகக் காரணமும் மெல்ல மங்குகின்றன. நீதி கேட்க வேண்டிய இடத்தில் படையல் வந்துவிடுகிறது. ஊருக்குக் கட்டுப்பட்ட கதை ஊரின் ஆதிக்கத்துக்கும் கட்டுப்பட்டுவிடும். முத்துப்பட்டன் கதை இதற்கு நல்ல சான்று. பிராமணனான பட்டன் சக்கிலியப் பெண்கள் இருவரை மணந்து, அந்தக் குலத்தின் மாடுகளைக் காக்கும் சண்டையில் செத்தவன். அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்கள்தான், காட்டில் கண்டெடுத்து வளர்க்கப்பட்டவர்கள் என்று சில வடிவங்கள் மாற்றிவிட்டன. கதையைப் பதிப்பித்த நா. வானமாமலை, சாதி மீறலைப் பொறுக்காதவர்களின் தலையீடு இது என்று சுட்டினார். கதை மாந்தரின் சாதியை மாற்றுவது சினிமாவுக்கு முன்பே நடந்திருக்கிறது.

இந்தக் குறைகளோடும், வில்லுப்பாட்டு ஒரு கேள்வியை மற்ற நால்வரைவிடத் தெளிவாகக் கேட்கிறது: கதை சொல்லும்போது உன் முன்னால் உட்கார்ந்திருப்பவர் யார்? மற்ற நிலைப்பாடுகள் எல்லாம் கதைக்கும் நிகழ்வுக்கும் உள்ள தூரத்தை அளக்கின்றன. இது கதைசொல்லிக்கும் சம்பந்தப்பட்டவருக்கும் உள்ள தூரத்தை அளக்கிறது. திரைப்படத்தில் அந்தத் தூரம் எல்லையற்றது. ராஜம்மாளாக வாழ்ந்தவரின் தெருவில் ‘செல்லுலாய்டு’ திரையிடப்பட்டிருந்தால் எந்தக் காட்சி தப்பித்திருக்கும் என்று கேட்டுப் பார்ப்பது வீண்வேலை இல்லை.

திரைக்குள் இன்னொரு கதைக்கு இடம்

ஒரு படத்துக்கு ஆகும் செலவை நினைத்தால், ஒரே நிகழ்வுக்கு இரண்டு படம் எடுக்கச் சொல்வது நடக்காத காரியம். எனவே ஒரே படத்துக்குள் மாற்றுக்கு இடம் விட முடியுமா என்பதே கேட்கக்கூடிய கேள்வியாகத் தோன்றுகிறது. நாஞ்சில் நாட்டுக் கதையொன்றே இதற்கு ஒரு முயற்சியைத் தந்திருக்கிறது. ஜெயமோகன் தம் இளமைக்கால நினைவுகளை மலையாளத்தில் ‘உறவிடங்கள்’ என்று எழுதினார். அதிலிருந்து அவரே திரைக்கதை அமைக்க, மதுபால் 2012இல் ‘ஒழிமுறி’ எடுத்தார். முதிய வயதில் ஒரு பெண் தன் கணவரிடமிருந்து மணவிலக்குக் கேட்டு வழக்காடுகிறார். தம்பிமாரைப் பலிகொண்ட அதே மருமக்கள் தாய முறை, நூற்றாண்டுகள் கழித்துச் சட்டத்தால் கலைக்கப்பட்டபோது வீடுகளுக்குள் என்ன செய்தது என்பதுதான் படத்தின் பொருள். கணவர் தாணுப்பிள்ளை முதலில் கொடூரராகத் தெரிகிறார். மகன் சொல்லச் சொல்ல, அவருடைய தாயும் தந்தையும் எப்படி வாழ்ந்தார்கள் என்பது வெளிவரும்போது அந்தக் கொடுமைக்கு வேறொரு முகம் கிடைக்கிறது. மன்னிப்பு கிடைப்பதில்லை. கேட்கும் இளம் பெண் வழக்கறிஞர் பார்வையாளரின் இடத்தில் நின்று ஒவ்வொரு முறையும் தன் தீர்ப்பைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. எல்லைப் பகுதியின் தமிழும் மலையாளமும் கலந்த பேச்சைப் படம் விடாமல் வைத்துக்கொண்டதும் இதோடு சேர்ந்ததே.

டேவிஸ் திரையில் காணாத ‘இருந்திருக்கலாம்’ என்பதை இந்தப் படம் ஓரளவு திரைக்குக் கொண்டுவந்தது. ஆனால் இது எழுதியவரின் சொந்தக் குடும்ப நினைவு சார்ந்த கதை. தன் வீட்டைப் பற்றிப் பேசும் உரிமை அவருக்கு இருந்தது. பிறர் வீட்டுக் கதைக்கு இந்த வழி பொருந்துமா என்பது இன்னும் சோதிக்கப்படவில்லை.

மிஞ்சும் கேள்விகளில் மூன்று முக்கியமானவை என்று படுகிறது. வாரிசும் ஆவணமும் இல்லாத ரோசி போன்றவர்களைப் படமாக்கும்போது, எது கிடைத்தது, எது புனைந்தது என்று படத்துக்குள்ளேயே காட்டும் வழக்கம் தமிழ், மலையாள சினிமாக்களில் உருவாகவில்லை. முடிவில் ஓடும் புகைப்படங்களும் நான்கு வரிச் செய்திகளும் அந்த வேலையைச் செய்வதில்லை. படம் முழுவதும் நிஜம் என்ற எண்ணத்தையே அவை கூட்டுகின்றன. அடுத்து, இறந்தவருக்குத் தனியுரிமை இல்லை என்ற சட்டம், அந்த இறந்தவரை இன்றும் கும்பிடும் குடும்பங்கள் உள்ள ஊரில் எந்த அளவுக்கு நியாயமாகும் என்பது. உணர்வு புண்பட்டது என்ற பெயரில் தடை கேட்பவர்களுக்கு இது கதவு திறந்துவிடக் கூடாது என்பதால் இதற்கு எளிய விடை இல்லை. தடை வேண்டாம், ஆனால் சம்பந்தப்பட்டவர்களைச் சந்தித்துக் கேட்கும் கடமை வேண்டும் என்ற நடுவழி பேசப்படுகிறது. அதை யார் உறுதிசெய்வது என்பது தெளிவாகவில்லை. கடைசியாக, சுந்தர்ராஜ் படமாக்கிய நாவலுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் தம்பிமார் கதை. பத்மநாபபுரம் அரண்மனையும் நாகர்கோவிலும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில்தான் இருக்கின்றன. அரசரின் தணிக்கையும் இல்லை. உம்மிணித்தங்கையின் வீட்டுக்குள் நின்று அந்தக் கதையைச் சொல்லும் படம் வந்தால், புனேயில் உள்ள 1933 படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு வாய்ப்புக் கிடைக்கும். அப்படி ஒரு படம் மார்த்தாண்ட வர்மாவை எப்படிக் காட்டும், அவருக்கும் ‘இருந்திருக்கலாம்’ என்ற இடத்தை விடுமா என்பது, அதை எடுப்பவர் மேற்சொன்ன நிலைப்பாடுகளில் எதற்குத் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்வார் என்பதைப் பொறுத்தது.